தண்ணீர் ஊற்றினால் ஏன் இறுகுகிறது? மைசெல், அறுகோணம், அடுக்கு குறித்து ஒரு விவாத இழை

தெளிநீர்

வணக்கம். ஒரு வாரமாக மண்டையைக் குடையும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

சோடியம் லாரில் ஈதர் சல்பேட் (ஷாம்பூவில் நுரை தரும் சர்பாக்டன்ட், அதாவது நீரை விரும்பும் தலையும் எண்ணெய் வாலும் கொண்ட மூலக்கூறு) 70 சதவீதப் பசையை ஒரு முகவையில் எடுத்து, அதை நீர்க்க வைக்க மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கிளறினேன். பசை முதலில் சாய்த்தால் மெல்ல வழியும் பதத்தில் இருந்தது. தண்ணீர் சேரச் சேர இளகத்தானே வேண்டும்? இறுகியது. கண்ணாடிபோலத் தெளிவாக, கிளறுகோலை நட்டால் அப்படியே நிற்கும் அளவுக்கு. இன்னும் தண்ணீர் விட்டேன். கட்டிகள் மிதந்தனவே தவிரக் கரையவில்லை. மறுநாள் காலையில்தான் எல்லாம் ஒன்றாகி ஓடும் திரவமானது.

இரண்டாவது சோதனை: அதே பொருளில் 12 சதவீதக் கரைசல். அதில் சாதாரண உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். தண்ணீராக இருந்தது பாகாகி, பிறகு கோழைபோல இழுபட்டது. இன்னும் கொஞ்சம் உப்பு போட்டதும் திரும்ப நீர்த்துவிட்டது.

தண்ணீரைச் சேர்த்தாலும் கெட்டி, உப்பைச் சேர்த்தாலும் கெட்டி, உப்பு மிஞ்சினால் இளக்கம். இரண்டும் ஒரே கெட்டித்தன்மைதானா? "தலை நீரை விரும்பும், வால் நீரை வெறுக்கும், எல்லாம் உருண்டையாகச் சேரும்" என்ற பாடப்புத்தக வரியோடு இதைப் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

பாகுநிலை

முதலில் கைவேலைக்கு உதவும் பதில். பசையின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள் நண்பரே. முழுத் தண்ணீரையும் முதலில் கலனில் எடுத்துக்கொண்டு, கிளறியபடியே பசையைச் சிறிது சிறிதாக விடுங்கள். அந்தச் சரக்கு 70 சதவீதத்தில் ஓடும், 28 சதவீதத்துக்குக் கீழேயும் ஓடும். இடையில் சுமார் 30 முதல் 60 சதவீதம் வரை ஜெல். விற்பனைக்கு வருவதும் இந்த இரண்டு செறிவில்தான், 70 அல்லது 28. இடைப்பட்டதைக் குழாயில் தள்ள முடியாது என்பதுதான் காரணம்.

நான் கலவைப் பிரிவில் வேலை செய்கிறவன். ஒருமுறை வால்வு சரியாக மூடாமல் இரவு முழுக்கப் பசைக் கலனுக்குள் தண்ணீர் கசிந்துவிட்டது. காலையில் பார்த்தால் மேல்பகுதி முழுக்கக் கண்ணாடிக் கட்டி. கிளறியைப் போட்டால் தண்டு வளைந்துவிடும் என்று கையால் வெட்டி எடுத்தோம். ஏன் அப்படி ஆகிறது என்று சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது, கூழ்மம் மேடம் வந்தால் சொல்வார்.

கூழ்மம்

வந்துவிட்டேன். தெளிநீர், நீங்கள் பார்த்தவை இரண்டும் வேறு வேறு. முதலாவது திரவப் படிகம், அதாவது ஒழுங்காக அணிவகுத்தும் முழுத் திடமாகாத நிலை. இரண்டாவது புழுபோல நீண்ட மைசெல்களின் சிக்கல்; வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாக மூலக்கூறுகள் சேர்ந்த திரள்தான் மைசெல். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அதனால் அடியிலிருந்தே போகலாம்.

வால்கள் ஏன் சேர்கின்றன? எண்ணெய் வால்களுக்கு இடையே பெரிய ஈர்ப்பு இருப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள். முக்கியக் காரணம் தண்ணீர். நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருப்பவை. நடுவே ஒரு ஹைட்ரோகார்பன் வால் நுழைந்தால், பிணைப்பை இழக்காமல் அதைச் சுற்றிக்கொள்ளத் தங்கள் நிற்கும் வாக்கை மாற்ற வேண்டும். சுதந்திரம் குறைகிறது, அதாவது என்ட்ரோபி குறைகிறது. வால்கள் ஒதுங்கி ஒன்றுகூடினால் அந்தத் தண்ணீருக்கு விடுதலை. அறை வெப்பநிலையில் மைசெல் உருவாகும்போது வெளிவரும் வெப்பம் மிகச் சொற்பம். ஏறக்குறைய முழு உந்துதலும் என்ட்ரோபியிலிருந்துதான் வருகிறது.

ஆனால் ஒன்றுகூடுவதற்கும் ஒரு விலை உண்டு. தனியாக அலைந்த மூலக்கூறு தன் அலையும் சுதந்திரத்தை இழக்கிறது, ஒரே மின்சுமை கொண்ட தலைகள் நெருங்கி நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால்தான் ஒரு குறிப்பிட்ட செறிவு வரை யாரும் சேர்வதில்லை. அதைத் தாண்டியதும் புதிதாகப் போடும் மூலக்கூறுகள் ஏறக்குறைய எல்லாமே மைசெல்லுக்குள் போகின்றன. அந்த மைசெல் மாறுநிலைச் செறிவைத்தான் ஆங்கிலச் சுருக்கமாகச் சிஎம்சி என்கிறோம். சோடியம் டோடெசைல் சல்பேட்டுக்கு, அதாவது எஸ்டிஎஸ்ஸுக்கு, 25 டிகிரியில் சுமார் 8.2 மில்லிமோலார். லிட்டருக்கு 2.4 கிராம் அளவு. வாலில் ஒரு கார்பன் கூடினால் மின்சுமையுள்ள வகைகளில் சிஎம்சி ஏறக்குறையப் பாதியாகும். சுமையற்ற வகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். அங்கே தலைகள் மின்சாரத்தால் தள்ளிக்கொள்வதில்லை.

சோப்புக் கரைசலில் இப்படித் திரள்கள் இருக்கின்றன என்று 1913இல் ஜேம்ஸ் மெக்பெய்ன் சொன்னார். அவருக்குத் துப்பு கொடுத்தது மின்கடத்துதிறன்: தனித்தனி அயனிகளாக இருந்தால் பொருந்தாத அளவீடுகள். உள்ளே திரவ எண்ணெய்போல இருக்கும் கோளம் என்ற படத்தை 1936இல் ஹார்ட்லி வரைந்தார்.

இப்போது உங்கள் கேள்வியின் மையம்: சேர்வது சரி, எந்த வடிவத்தில் சேர்வது? அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், கணக்கு போட வேண்டும்.

முதலாண்டு

மேடம், இடையில் ஒரு சின்னக் கேள்வி. ஆய்வகத்தில் எஸ்டிஎஸ் செறிவைக் கூட்டிக்கொண்டே பரப்பு இழுவிசை அளந்தோம். தண்ணீரின் 72 மில்லிநியூட்டன்/மீட்டரிலிருந்து இறங்கி, சிஎம்சிக்குப் பிறகு தட்டையாக வேண்டும் என்றார்கள். எனக்கு 8 மில்லிமோலாருக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் விழுந்து, பிறகு கோடு கொஞ்சம் மேலே ஏறித் தட்டையானது. மூன்று முறை செய்தும் அதே பள்ளம். என் அளவீடு தவறா?

கூழ்மம்

உங்கள் அளவீடு சரி, பாட்டிலில்தான் கலப்படம். எஸ்டிஎஸ் நீரில் மெல்ல நீராற்பகுப்படைந்து டோடெகனால் ஆகும். அந்த ஆல்கஹால் எஸ்டிஎஸ்ஸைவிட ஆர்வமாகப் பரப்பில் ஏறி உட்காரும், இழுவிசையை அளவுக்கு மீறிக் குறைக்கும். அதுதான் பள்ளம். மைசெல்கள் பிறந்ததும் டோடெகனாலைத் தங்கள் எண்ணெய் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கின்றன. பரப்பு சுத்தமாகிறது, இழுவிசை சற்று ஏறுகிறது. எத்தனாலில் மறுபடிகமாக்கிவிட்டு உடனே அளந்து பாருங்கள், பள்ளம் ஆழம் குறையும். உங்கள் வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மைசெல் ஒரு பொருளை விழுங்குவதை நீங்கள் நேரில் அளந்திருக்கிறீர்கள்.

கூழ்மம்

வடிவக் கணக்கு. பொறுமையாகப் படியுங்கள், பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான்.

12 கார்பன் வால் ஒன்றின் கனஅளவு சுமார் 350 கன ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒன்று). முழுதாக நீட்டினால் அதன் நீளம் சுமார் 16.7 ஆங்ஸ்ட்ராம். இவை சார்லஸ் டான்ஃபோர்டு தந்த எளிய சூத்திரங்களிலிருந்து வருபவை.

மைசெல்லின் நடுவில் வெற்றிடம் இருக்க முடியாது. ஆகவே எண்ணெய்க் கருவின் ஆரம் வாலின் முழு நீளத்தைத் தாண்ட முடியாது. 16.7 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள கோளத்தின் கனஅளவு சுமார் 19,500. அதை 350ஆல் வகுத்தால் 56. ஆக, இந்த வாலை வைத்துக் கட்டக்கூடிய மிகப் பெரிய கோளத்தில் 56 மூலக்கூறுகள்தான். அந்தக் கோளத்தின் மேற்பரப்பை 56 தலைகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 63 சதுர ஆங்ஸ்ட்ராம். எஸ்டிஎஸ் மைசெல்லில் சோதனை காட்டும் எண்ணிக்கை 60ஐ ஒட்டி வருகிறது. கோளத்தின் உச்சவரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது, எனவே மைசெல் லேசாக நீள்வட்டமாகத்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. இந்த இடத்தை முதல்முறை படித்தபோது எனக்குச் சிலிர்த்தது, இன்றும் வகுப்பில் இதை எழுதும்போது அந்த மகிழ்ச்சி குறையவில்லை.

இதைப் பொதுவாக்கி 1976இல் இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் ஒரே எண்ணில் அடக்கினார்கள். வாலின் கனஅளவை, தலைப் பரப்பு பெருக்கல் வால் நீளத்தால் வகுக்க வேண்டும். அதற்குப் பொதிவு எண் என்று பெயர் வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒன்றுக்குக் கீழே வந்தால் கோளம். மூன்றில் ஒன்றுக்கும் பாதிக்கும் இடையே உருளை. பாதியிலிருந்து ஒன்று வரை இரட்டை அடுக்கு, அது வளைந்து மூடிக்கொண்டால் பை. ஒன்றைத் தாண்டினால் எல்லாம் தலைகீழாகி, தலைகள் உள்ளேயும் வால்கள் வெளியேயும் திரும்பும்.

12 கார்பன் ஒற்றை வாலுக்கு, 350ஐ 16.7ஆல் வகுத்தால் 21. இந்த 21ஐத் தலைப் பரப்பால் வகுத்தால் போதும். தலை 63க்கு மேல் இடம் பிடித்தால் கோளம், 42க்கும் 63க்கும் நடுவே உருளை, 42க்குக் கீழே அடுக்கு. அதே தலையில் இரண்டு வால்களைத் தொங்கவிட்டால் 21 என்பது 42 ஆகும். தலைப் பரப்பு 65 என்றால் பொதிவு எண் 0.65, கோளத்துக்கு இடமே இல்லை, நேராக இரட்டை அடுக்குதான். செல் சவ்வின் பாஸ்போலிப்பிடுகளுக்கு இரண்டு வால் இருப்பதன் வடிவியல் பொருள் இதுதான். 1960களில் அலெக் பாங்கம் பாஸ்போலிப்பிடை நீரில் விட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அடுக்குகள் தாமாகவே மூடிய பைகளாகி நின்றன. லிப்போசோம் பிறந்த கதை அது.

ஏன்எப்படி

கூழ்மம், கணக்கு அழகுதான், ஆனால் ஒரு மறுப்பு. நான் இயற்பியல் பக்கம்.

வாலின் கனஅளவும் நீளமும் மூலக்கூறின் சொத்து, ஒப்புக்கொள்கிறேன். தலைப் பரப்பு? 63 என்ற எண் எங்கிருந்து வந்தது? மைசெல்லை அளந்து, அதன் பரப்பைப் பங்கிட்டு எடுத்த எண் அது. பிறகு அதே எண்ணை வைத்து "ஆகவே கோளம்" என்கிறீர்கள். கோளத்தைப் பார்த்துவிட்டுக் கோளம் என்று சொல்வது முன்கணிப்பு ஆகாது. சல்பேட் தலை ஒன்றின் உடல் அளவு 63 சதுர ஆங்ஸ்ட்ராம் கிடையவே கிடையாது, அதில் பாதிகூட இல்லை. பல தளங்களில் ஆப்புபோலவும் கூம்புபோலவும் மூலக்கூறை வரைந்து, "இதன் வடிவம் கூம்பு, அதனால் உருண்டை" என்று எழுதுகிறார்களே, அந்தப் படம் எனக்கு ஏற்பில்லை.

கூழ்மம்

நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி, அதை மறைக்க மாட்டேன். அந்தக் கூம்புப் படம் கற்பிக்க எளிது, ஆனால் தவறான ஓர் எண்ணத்தை விதைக்கிறது. மூலக்கூறு கூம்பாகப் பிறப்பதில்லை.

தலைப் பரப்பு என்பது ஒரு பேரம் படிந்த புள்ளி. ஒரு பக்கம் எண்ணெய்க் கருவின் மேற்பரப்பு நீரைத் தொடக் கூடாது என்பதால் தலைகளை நெருக்கச் சொல்லும் விசை. மறுபக்கம் மின்சுமை, நீரேற்றம், தலையின் பருமன் ஆகியவை சேர்ந்து விலகச் சொல்லும் விசை. இரண்டும் சமமாகும் இடத்தில் நிற்கும் பரப்புதான் அந்த 63. கரைசலில் எதை மாற்றினாலும் பேரம் மாறும், பரப்பு மாறும், வடிவமும் மாறும். 2002இல் நாகராஜன் ஒரு படி மேலே போய், வாலின் பங்கையும் நாம் புறக்கணித்துவிட்டோம் என்று காட்டினார். கருவுக்குள் வால்கள் நீண்டும் மடங்கியும் அடைபடும் செலவு, அந்தப் பேரத்தில் சேர வேண்டும். அப்போது வால் நீளம் மாறினாலே தலைப் பரப்பும் மாறும்.

ஆனால் "முன்கணிப்பு ஆகாது" என்பதை முழுதாக ஏற்க மாட்டேன். ஓர் எண்ணை ஒரு நிலையில் அளந்துவிட்டு, நிலையை மாற்றினால் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல முடிகிறதா, அதுதான் சோதனை. தெளிநீர் செய்த உப்புச் சோதனையையே எடுங்கள். உப்பு சேர்த்தால் சோடியம் அயனிகள் தலைகளுக்கிடையே உள்ள மின் விலக்கத்தை மறைக்கின்றன. சாதாரண உப்புபோன்ற ஒற்றை இணைதிற உப்பு 0.01 மோலாரில் மின்புலம் எட்டும் தூரம் சுமார் 3 நானோமீட்டர், 0.1 மோலாரில் 1 நானோமீட்டராகச் சுருங்கும். தலைகள் நெருங்கலாம், பரப்பு குறைய வேண்டும், பொதிவு எண் ஏற வேண்டும், கோளம் உருளையாக வேண்டும். பரிசோதனை அப்படியே காட்டுகிறது. எஸ்டிஎஸ்ஸில் 0.6 மோலார் உப்பு இருந்தால் மைசெல்லில் 60 மூலக்கூறு என்பது பல நூறாகி, நீண்ட கோல்களாகிவிடும்.

இன்னொன்று. வெப்பப்படுத்தினால்? மின்சுமையுள்ள வகைகளின் கோல்கள் குறுகும். எத்திலீன் ஆக்ஸைடு தலை கொண்ட சுமையற்ற வகைகளில் நேரெதிர்: சூடேறினால் தலையைச் சுற்றிய நீர் உதிர்கிறது, தலை சிறுக்கிறது, மைசெல் வளர்கிறது, இன்னும் சூடேற்றினால் கரைசலே கலங்கிப் பிரிந்துவிடும். ஒரே எண், இரண்டு எதிர்த்திசைகளையும் சரியாகச் சொல்கிறது.

ஏன்எப்படி

திசையைச் சொல்கிறது என்பதை ஏற்கிறேன். அப்படியானால் நம் இருவரின் கூற்றும் இப்படி வருகிறது: வடிவம் மூலக்கூறில் எழுதப்பட்டிருக்கவில்லை, மூலக்கூறும் சூழலும் சேர்ந்து எழுதுகின்றன. இந்த வரியோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அடுத்த மறுப்பு. 70 சதவீதப் பசையில் இந்த எண் வேலை செய்யுமா? நீர்த்த கரைசலில் மைசெல்கள் தனித்தனித் தீவுகள். அங்கே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றனவே.

கூழ்மம்

அங்கே இன்னொரு வடிவியல் உள்ளே வருகிறது, தெளிநீரின் முதல் கேள்விக்கு விடையும் அதுதான்.

சம அளவுக் கோளங்களை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது. உருளைகளை அறுகோணமாக அடுக்கினால் 91 சதவீதம் வரை போகலாம். தட்டை அடுக்குகளுக்கு வரம்பே இல்லை. மைசெல்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் இந்த வரம்புகளுக்கு வெகு முன்னதாகவே நெருக்கடி தொடங்கிவிடும். தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் கோளங்களுக்கு இடம் போதாமல் உருளைகளாகின்றன. உருளைகள் தேன்கூட்டின் அறைகள்போல ஒழுங்காக அணிவகுக்கின்றன: அது அறுகோண நிலை. இன்னும் தண்ணீரைக் குறைத்தால் உருளைகள் ஒன்றிணைந்து தட்டை அடுக்குகளாகின்றன: அது அடுக்கு நிலை. தண்ணீர் குறையும்போது தலைகளின் நீரேற்றமும் குறைவதால் பொதிவு எண்ணும் அதே திசையில் நகர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை, ஒரே பக்கம் தள்ளுகின்றன.

உங்கள் 70 சதவீதப் பசை அடுக்கு நிலை. சீட்டுக்கட்டுபோல அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அதனால் தண்ணீர் குறைவாக இருந்தும் அது ஓடுகிறது. தண்ணீர் ஊற்றினீர்கள், அடுக்கு உடைந்து அறுகோணமானது. உருளைக் கட்டுகள் தங்கள் நீளவாக்கில் மட்டும்தான் வழுக்க முடியும், குறுக்கே நகர்த்தினால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. அதுவும் கட்டுகள் ஆளுக்கொரு திசையில் கிடக்கும்போது எந்தப் பக்கம் தள்ளினாலும் யாராவது குறுக்கே நிற்பார்கள். அதுதான் உங்கள் கண்ணாடிக் கட்டி. மேலும், கட்டியின் வெளித்தோல் ஜெல்லாகிவிட்டால் உள்ளே தண்ணீர் நுழைவது ஊர்ந்து ஊர்ந்துதான் நடக்கும். மறுநாள் வரை காத்திருந்தது அதனால்தான்.

சோப்புக் காய்ச்சியவர்கள் அறிவியலாளர்களுக்கு முன்பே இவற்றைப் பிரித்தறிந்து தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். எக்ஸ் கதிர்களைச் செலுத்தி உள்ளே உருளை, அடுக்கு என்று உறுதிப்படுத்தியது லுஸாட்டியும் அவர் குழுவும் பிற்பாடு செய்த வேலை.

பாகுநிலை

அப்படியா! இருபது ஆண்டாகக் கையால் தொட்டுப் பார்த்ததற்கு இன்று படம் கிடைத்தது. தண்ணீரில் பசையைப் போட்டால் ஏன் தப்பிக்கிறோம் என்பதும் இப்போது தெளிவு: ஒவ்வொரு துளிப் பசையும் ஜெல் பகுதியைச் சட்டென்று தாண்டிவிடுகிறது, சுற்றிலும் தண்ணீர் தாராளமாக இருக்கிறது.

உப்பு விஷயத்தில் ஒரு குறிப்பு. நாங்கள் ஒவ்வொரு புதுக் கலவைக்கும் உப்பு வளைவு போடுவோம். உப்பைக் கூட்டக் கூட்டப் பாகுத்தன்மை ஏறி, ஓர் உச்சம் தொட்டு, சரியும். உச்சத்துக்கு இடப்பக்கமே நின்றுகொள்ள வேண்டும். வலப்பக்கம் போய்விட்டால் உப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை, தண்ணீரும் சர்பாக்டன்டும் சேர்த்துத்தான் மீட்க வேண்டும். அந்தச் சரிவு ஏன் மேடம்?

கூழ்மம்

இடப்பக்கம் முதலில். கோல்கள் நீண்டுகொண்டே போனால் நேராக நிற்காது, வளையும், நூல்போல ஒன்றோடொன்று சிக்கும். பாலிமர் கரைசல்போல ஆகிவிடும். ஆனால் பாலிமருக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: இந்தப் புழுக்கள் ஓயாமல் அறுந்து, வேறு துண்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. அதனால் இவற்றை உயிருள்ள பாலிமர் என்பார்கள். மைக்கேல் கேட்ஸ் 1987இல் இதற்குக் கோட்பாடு எழுதினார். சிக்கலிலிருந்து ஊர்ந்து வெளியேறும் நேரத்தைவிட அறுந்து ஒட்டும் நேரம் மிகக் குறைவாக இருந்தால், தகைவு (இழுபட்டதால் உள்ளே ஏறிய விசை) தளர்வது ஒரே ஒரு நேர அளவில் சுத்தமாக நடக்கும் என்றார். சாதாரணப் பாலிமரில் நேரங்கள் பரவிக் கிடக்கும். சிடிஏபி என்ற நேர்மின் சர்பாக்டன்டுடன் சோடியம் சாலிசிலேட் சேர்த்த கரைசல்களில் அந்த ஒற்றை நேரத்தை அளந்தே பார்க்கலாம்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி: தெளிநீர், உங்கள் கோழைபோன்ற கரைசல் பாட்டிலை வட்டமாகச் சுழற்றிவிட்டுச் சட்டென்று நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் நின்று, பின்னோக்கித் திரும்பும். சிக்கல் ரப்பர்போல இழுபட்டு மீள்கிறது.

வலப்பக்கச் சரிவுக்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் கிளைத்தல். உப்பு அதிகமாகி விலக்கம் மேலும் குறைந்தால், புழுவின் அரைக்கோள முனைகள் விலை கூடியவையாகிவிடும். முனையை ஒழிக்க ஒரு வழி, இன்னொரு புழுவின் முதுகில் போய் ஒட்டிக்கொள்வது. அங்கே ஒரு சந்தி பிறக்கிறது. பாலிமரில் சந்தி என்றால் இறுக்கம். இங்கே சந்தியே புழுவின் உடலில் வழுக்கிக்கொண்டு நகரும். தகைவு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது, பாகுத்தன்மை விழுகிறது. சட்டென உறைய வைத்து எடுத்த எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் இந்தக் கிளைகளைப் பார்த்திருக்கிறார்கள்.

முதலாண்டு

மேடம், "அறுந்து ஒட்டுகிறது" என்றதும் ஒரு சந்தேகம். சாதாரண உருண்டை மைசெல்லாவது நிலையான பொருளா? 60 மூலக்கூறு என்றால் அதே 60 பேரா?

கூழ்மம்

இல்லை. எஸ்டிஎஸ் மைசெல்லிலிருந்து ஒரு மூலக்கூறு வெளியேறுவதும் இன்னொன்று உள்ளே வருவதும் மைக்ரோ வினாடிகளில் நடக்கும். முழு மைசெல் கலைந்து மறைவது அதைவிடப் பல மடங்கு மெதுவானது. பொருளைப் பொறுத்து மில்லி வினாடியிலிருந்து வினாடிகள், நிமிடங்கள் வரைகூடப் போகும். இந்த இரண்டு வேகங்களையும் பிரித்துக் கணக்கிட்டவர்கள் ஆனியான்சனும் வாலும், 1974இல். பாடப்புத்தகத்தில் குண்டூசித் தலையணைபோல வால்கள் எல்லாம் நேராக மையத்தைப் பார்த்து நிற்கும் படத்தை மறந்துவிடுங்கள். அத்தனை வால்களின் நுனிக்கும் மையத்தில் இடமே இல்லை. உள்ளே எண்ணெய்த் துளிபோலக் குழம்பிக் கிடக்கிறது, சில வால் நுனிகள் மேற்பரப்புக்கே வந்து எட்டிப் பார்க்கின்றன.

ஏன்எப்படி

இரண்டு எதிரெதிர் சுமையுள்ளவற்றைக் கலந்தால்? பேரம் என்ற உங்கள் வாதப்படி தலைகள் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கூழ்மம்

ஒட்டிக்கொள்கின்றன, இரண்டு ஒற்றை வால் மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் இரட்டை வால் மூலக்கூறுபோல நடக்கின்றன. சம அளவில் கலந்தால் பெரும்பாலும் வெள்ளையாக வீழ்படிந்துவிடும். ஒரு பக்கம் சற்று மிகுதியாக இருந்தால் வேறொன்று நடக்கும். 1989இல் கேலரும் கூட்டாளிகளும் ஒரு நேர்மின் வகையையும் ஓர் எதிர்மின் வகையையும் நீர்த்த நிலையில் வெறுமனே கலந்தார்கள். அதிர்வொலி வேண்டாம், அழுத்தம் வேண்டாம், பைகள் தாமாகவே உருவாகிப் பல காலம் நிலைத்தன. தனித்தனியே இரண்டும் மைசெல் கட்டுபவைதான். "மூலக்கூறும் சூழலும் சேர்ந்து எழுதுகின்றன" என்ற உங்கள் வரிக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிற நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த அறுகோண அடுக்கை அப்படியே கல்லாக்கியும் இருக்கிறார்கள். 1992இல் மொபில் நிறுவன ஆய்வாளர்கள் சிடிஏபி வகை மூலக்கூறுகளைச் சுற்றிச் சிலிக்காவைப் படியவைத்து, பிறகு உள்ளிருந்த கரிமப் பொருளை எரித்து நீக்கினார்கள். சில நானோமீட்டர் அகலத்தில் ஒரே அளவுத் துளைகள் அறுகோணமாக அணிவகுத்த சிலிக்கா மிஞ்சியது. அதற்கு எம்சிஎம்-41 என்று பெயர். வாலின் நீளத்தை மாற்றினால் துளையின் அகலம் மாறும்.

தெளிநீர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. குமிழிச் சோதனை செய்தேன். பாட்டிலை நிறுத்தியதும் குமிழிகள் தெளிவாகப் பின்னோக்கி அசைந்தன. உப்பு மிஞ்சி நீர்த்த பாட்டிலில் அந்த அசைவு இல்லை.

அந்தக் கண்ணாடி ஜெல் திரவப் படிகம்தான் என்று வீட்டில் எப்படி உறுதி செய்வது?

நுண்ணோக்கி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது என் பகுதி. முனைவாக்கத் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) இரண்டு வேண்டும். ஒன்றை மற்றொன்றுக்குக் குறுக்காகத் திருப்பினால் ஒளி அடைபடும். நடுவில் மைசெல் கரைசலை வைத்தால் இருட்டாகவே இருக்கும். அறுகோணமோ அடுக்கோ வைத்தால் ஒளிரும், திசைக்குத் திசை ஒளிவிலகல் மாறுவதால். புழுக் கரைசல் சும்மா இருக்கும்போது இருட்டு, கிளறும் கணத்தில் மட்டும் மின்னி மறையும்.

எளிய நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் பசை வைத்து, மேலே மெல்லிய மூடுதகடு அழுத்தி, ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் தொடவிடுங்கள். தண்ணீர் ஊடுருவும்போது செறிவு ஓரத்திலிருந்து உள்ளே படிப்படியாகக் கூடும். எல்லா நிலைகளும் ஒரே தகட்டில் பட்டை பட்டையாக வரிசையாக நிற்கும்.

தெளிநீர்

செய்துவிட்டேன். இரண்டு தாள்களையும் நுண்ணோக்கியில் ஒட்டிக்கொண்டேன். தண்ணீர் பக்கம் இருட்டு. அடுத்து விசிறி விரித்ததுபோல ஒளிரும் அகலமான பட்டை. பசை பக்கம் சின்னச் சின்னச் சிலுவைகளும் எண்ணெய்க் கோடுகளும் மின்னும் பட்டை. விசிறி அறுகோணம், சிலுவை அடுக்கு என்று புரிந்துகொண்டேன்.

ஆனால் இந்த இரண்டு ஒளிப்பட்டைகளுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று இருக்கிறது. முதலில் தகட்டில் கீறல் என்று நினைத்தேன். வேறு தகட்டில் செய்தேன், அங்கேயும் அதே இடத்தில். மைசெல் கரைசல் அங்கே இருக்க வாய்ப்பில்லையே, செறிவு 60 சதவீதத்துக்கு மேல் அல்லவா?

கூழ்மம்

அருமை தெளிநீர்! நீங்கள் பார்ப்பது கனசதுர நிலை. உருளை அடுக்காக மாறும் வழியில், இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய செறிவு இடைவெளியில் வரும். உருளைகள் மும்மூன்றாகச் சந்தித்து, முப்பரிமாணத்தில் முடிவில்லாத வலையாகின்றன. இப்படிப்பட்ட இரண்டு வலைகள் ஒன்றையொன்று தொடாமல் பின்னிக் கிடக்கும், நடுவே நீர். இரண்டு வலைகளுக்கும் நட்டநடுவே ஓடும் பரப்புக்கு ஜைராய்டு என்று பெயர். கணிதத்தில் அதை விவரித்தவர் ஆலன் ஷோன், 1970இல். மூன்று திசையிலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒளிக்கு எந்தத் திசையும் சிறப்பில்லை. அதனால்தான் இருட்டு. வழுக்க எந்தத் தளமும் இல்லாததால் இந்த மூன்று நிலைகளிலும் மிக விறைப்பானது அதுதான்.

அந்தக் கறுப்புப் பட்டைக்குள் காற்றுக் குமிழி ஏதாவது சிக்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் வடிவத்தைச் சொல்லுங்கள்.

தெளிநீர்

இரண்டு சிக்கியிருக்கின்றன. தண்ணீர் பக்கம் இருப்பவை எல்லாம் வட்டம். இவை இரண்டும் வட்டமாக இல்லை, மூலை மூலையாக நெளிந்து கிடக்கின்றன. பத்து நிமிடமாகப் பார்க்கிறேன், உருள மாட்டேன் என்கின்றன.